அடியால் அளப்பதா, தளத்தால் எண்ணுவதா? பழைய நகரில் உயர விதி

கேள்வியை முதலில் எடுத்து எழுதிவிடுகிறேன். "பழைமையான நகர மையத்தில் புதுக் கட்டடம் இத்தனை அடிக்கு மேல் போகக்கூடாது என்று சட்டத்தில் ஓர் எண்ணை எழுதிவிட்டால் போதாதா? அளவு, பொருத்தம் என்றெல்லாம் பேச ஒரு குழு எதற்கு? அந்தக் குழு வேண்டியவருக்கு ஒரு நியாயம், வேண்டாதவருக்கு ஒரு நியாயம் என்று நடக்காதா?"

இதற்குப் பொதுவாக விடை சொன்னால் யாருக்கும் பயன் இருக்காது. ஓர் ஊரை எடுத்துக்கொண்டு சொல்கிறேன்: அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் இருக்கும் சார்ல்ஸ்டன். எண்ணையும் நம்பிப் பார்த்த ஊர் அது, குழுவையும் நம்பிப் பார்த்த ஊர். இரண்டிலும் அடிபட்டு, இரண்டையும் திருத்தி எழுதியிருக்கிறது. என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன்: எண் கட்டாயம் வேண்டும், ஆனால் எதை எண்ணுகிறோம் என்பதைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால், சட்டத்துக்கு ஒரு மயிரிழைகூட விலகாமல் நின்றுகொண்டே ஒரு கட்டடம் தெருவைக் கெடுத்துவிடும்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம். 1670-இல் தொடங்கிய ஆங்கிலேயக் குடியேற்றம், பத்தாண்டுகளில் ஆஷ்லி, கூப்பர் என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே கடலை நோக்கி நீளும் தீபகற்பத்துக்கு இடம் மாறியது. நெல்லும் அடிமை வணிகமும் அதைச் செல்வத் துறைமுகமாக்கின. உள்நாட்டுப் போருக்குப் பிறகு பணம் வற்றியது. இடித்துக் கட்ட யாரிடமும் காசில்லாததால் பழைய வீடுகள் தப்பின. பல பழைய நகரங்களின் கதை இதுதான். வறுமை காப்பாற்றியதை, பின்னர் வந்த வளம் அழிக்கப் பார்க்கும்.

அங்கே வீடுகளின் அமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் உயர விதியின் சிக்கல் புரியும். ஊரின் அடையாளமான வீட்டு வகை ஓர் அறை அகலம்தான் இருக்கும். குறுகிய பக்கம் தெருவைப் பார்த்து நிற்கும். நீளம் முழுவதும் மனைக்குள் போகும். பக்கவாட்டில், தெற்கு அல்லது மேற்கு பார்த்து, தளத்துக்குத் தளம் நீண்ட தாழ்வாரம். கடற்காற்றைப் பிடிக்கத்தான் அது. தெருவிலிருந்து கதவைத் திறந்தால் வீட்டுக்குள் நுழைய மாட்டீர்கள், தாழ்வாரத்துக்குள் நுழைவீர்கள். இரண்டு, இரண்டரை, மூன்று தளங்கள் (தரைத்தளத்தையும் சேர்த்தே எண்ணுகிறேன்). உள்ளே உயரமான கூரையுள்ள அறைகள். மேலே சரிவுக் கூரை. தெருவில் நடந்து போகிறவர் பார்ப்பது: குறுகிய முகப்பு, ஓர் இடைவெளி, தாழ்வாரத்தின் நிழல், மீண்டும் ஒரு குறுகிய முகப்பு. இந்தக் கூரைகளுக்கு மேலே எழுபவை தேவாலயக் கோபுரங்கள் மட்டும். 1761-இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட புனித மைக்கேல் ஆலயத்தின் கோபுரம் 186 அடி. 1872-இல் எழுந்த புனித மத்தேயு லூத்தரன் ஆலயத்தின் கோபுரம் 255 அடி.

இந்த வரிசையை முதலில் மீறியது ஒரு வங்கிக் கட்டடம். பிராட் தெருவில் 1911-இல் முடிந்த எட்டுத் தளக் கட்டடம் அது. வான்கோடு கெட்டுவிட்டது என்று ஊரில் புலம்பல் எழுந்தது. வருகை தந்த குடியரசுத் தலைவர் டாஃப்ட் அதன் உச்சிக்குப் போய், கெட்டதாக எனக்குத் தோன்றவில்லை, அப்படியே கெட்டிருந்தாலும் இங்கிருந்து தெரியும் காட்சி அதை ஈடுகட்டிவிடுகிறது என்ற பொருளில் சொன்னாராம். ஊர் இன்றும் சொல்லிச் சிரிக்கும் கதை. உள்ளே இருப்பவருக்குக் காட்சி கிடைக்கிறது. வெளியே இருக்கிற அத்தனை பேருக்கும் காட்சி போகிறது. இந்தக் கணக்கைத் தனிமனிதரின் நல்லெண்ணத்துக்கு விட முடியாது என்பதால்தான் சட்டம் தேவைப்படுகிறது. 1924-இல் பன்னிரண்டு தளங்களோடு ஒரு பெரிய ஹோட்டலும் வந்தது.

ஆனால் சார்ல்ஸ்டனில் மக்களை முதலில் ஒன்றுதிரட்டியது உயரமான கட்டடம் அல்ல, குட்டையான கட்டடம். 1920-களில் கார்கள் பெருகியபோது எண்ணெய் நிறுவனங்கள் மூலை மனைகளை வாங்கி, பழைய மாளிகைகளை இடித்து, பெட்ரோல் நிலையங்களைப் போட்டன. 1920-இல் சூசன் பிரிங்கிள் ஃபிராஸ்ட் என்ற பெண்மணி முன்னின்று பழைய வீடுகளைக் காக்கும் சங்கத்தைத் தொடங்கினார். 1931-இல் நகராட்சி ஒரு சட்டம் இயற்றியது. அமெரிக்காவில் ஒரு பழைய பகுதியைச் சட்டத்தால் வரையறுத்து, அதற்குள் கட்டடங்களின் வெளித்தோற்றத்தைக் கண்காணிக்கக் கட்டடக்கலை மறுஆய்வுக் குழு ஒன்றை அமைத்த முதல் ஊர் சார்ல்ஸ்டன்தான். அந்தக் குழுவுக்கு அப்போது அதிகாரம் சொற்பம். இடிப்பதற்கு அனுமதி மறுக்கும் அதிகாரமே 1966-இல்தான் வந்தது.

உயரத்துக்கென்று தனி விதி 1978-இல் வந்தது. 1974-இல் போட்ட பாதுகாப்புத் திட்டத்தின் தொடர்ச்சி அது. நகரத்தை உயர மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அடிக்கணக்கில் எல்லை வகுத்தார்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம், பல மண்டலங்களில் மேல் எல்லையோடு கீழ் எல்லையும் இருந்தது. உதாரணமாக 55/30 என்று குறித்த மண்டலத்தில் 55 அடிக்கு மேல் போகக்கூடாது, 30 அடிக்குக் கீழேயும் இருக்கக்கூடாது. மூன்று தள வீடுகளின் வரிசையில் ஒற்றைத் தளக் கொட்டகை ஒன்று உட்கார்ந்தால், வரிசையில் பல் விழுந்தது போலாகிவிடும் என்பதைப் பெட்ரோல் நிலையங்களிடம் கற்றுக்கொண்ட ஊர் அல்லவா. உயரக் கட்டுப்பாடு என்றாலே மேலே வெட்டுவது என்று நினைப்பவர்கள் இந்தக் கீழ் எல்லையைக் கவனிக்க வேண்டும்.

சரி, 55 அடி என்று எழுதினார்கள். என்ன நடந்தது? காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பாணியில் கட்டுகிறவர் தரைத்தளத்தில் கடைக்கு 16 அடி விடுவார். மேலே மூன்று தளங்கள், தளத்துக்கு 13 அடி. 16-உம் 39-உம் சேர்ந்தால் 55. நான்கு தளம், நல்ல உயரமான அறைகள், தெருவுக்கு ஒரு கம்பீரமான கடைமுகப்பு. இன்னொருவர் அதே 55-ஐ ஐந்தால் வகுப்பார். தளத்துக்கு 11 அடி. அதில் காங்கிரீட் பலகையும் குளிர்சாதனக் குழாய்களும் கிட்டத்தட்ட இரண்டு அடியைத் தின்றுவிடும்; அறைக்கு மிஞ்சுவது 9 அடி. சரிவுக் கூரை போட்டால் அடி வீணாகும் என்பதால் மொட்டைத் தளம். கடைமுகப்பு நசுங்கிப்போகும். ஆனால் விற்பதற்கு ஒரு தளம் கூடுதல். இருவரும் விதிக்குள்தான் நிற்கிறார்கள். நில விலை ஏறும்போது இரண்டாமவர்தான் அதிக விலை கொடுத்து மனையை வாங்க முடியும். ஆக, விதி தன்னை அறியாமலே மோசமான கட்டடத்துக்குப் பரிசு கொடுக்கிறது.

வாஷிங்டனில் இதை ஊர் அளவில் பார்க்கலாம். 1894-இல் அங்கே 164 அடியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு எழுந்ததும் எதிர்ப்பு கிளம்பி, 1899-இலும் 1910-இலும் நாடாளுமன்றமே உயரச் சட்டம் போட்டது. 1910 விதி: தெருவின் அகலத்தோடு 20 அடி கூட்டினால் வருவதே கட்டடத்தின் எல்லை; வணிகத் தெருக்களில் அதிகபட்சம் 130 அடி, பென்சில்வேனியா அவென்யூவின் ஒரு பகுதியில் மட்டும் 160. தெருவின் அகலத்தோடு உயரத்தைப் பிணைத்தது அருமையான யோசனை; அகலமான தெரு உயரத்தைத் தாங்கும், சந்து தாங்காது. ஆனால் அங்கும் அடிக்கணக்குத்தான். அதனால் அலுவலகப் பகுதியில் ஒவ்வொருவரும் எல்லைவரை நிரப்பி, உச்சியை மட்டமாகச் சீவிய பெட்டிகளை வரிசையாக வைத்துவிட்டார்கள். நாடாளுமன்றக் குவிமாடம் தப்பியது என்னவோ உண்மை.

சார்ல்ஸ்டன் இதை உணர நாற்பது ஆண்டுகள் ஆயின. 2010-க்குப் பிறகு தீபகற்பத்தின் வடபகுதியில் பெரிய அடுக்குமாடிகளும் ஹோட்டல்களும் மளமளவென்று எழுந்தபோது ஊர் கொதித்தது. 2015-இல் ஆண்ட்ரேஸ் டுவானி என்ற நகர வடிவமைப்பாளரின் குழுவை அழைத்து ஆராயச் சொன்னார்கள். அதன் தொடர்ச்சியாக 2017-இல் உயர விதி திருத்தப்பட்டது. அடிக்கணக்கு போய்த் தளக்கணக்கு வந்தது. இன்ன மண்டலத்தில் இரண்டரைத் தளம், இன்னதில் மூன்று, மூன்றரை, நான்கு, ஐந்து என்று. அரைத்தளம் என்பது கூரைச் சரிவுக்குள் அடங்கும் தளம். தளத்தை எண்ணும்போது, ஒவ்வொரு தளத்தையும் நசுக்குவதில் யாருக்கும் லாபமில்லை. ஐந்தாவது தளம் எப்படியும் கிடைக்காது என்றால் நான்கையும் உயரமாகக் கட்டிவிடலாமே. கூரைக்குச் சரிவும் கொடுக்கலாம். ஒருவர் ஒரு தளத்தையே 25 அடிக்கு ஏற்றிவிடாமல் இருக்கத் தள உயரத்துக்கும் எல்லை வைக்க வேண்டும், அது எளிது. என்னைக் கேட்டால், உயர விதி எழுதப்போகிற எந்தப் பழைய நகரமும் சார்ல்ஸ்டனிடம் கடன் வாங்க வேண்டிய முதல் பாடம் இதுதான்.

இனி உயரத்தால் பிடிக்க முடியாத விஷயம்: பருமன். ஓர் அறை அகல வீடுகள் இருபது நிற்கிற இடத்தில், அதே மூன்று தள உயரத்தில் ஒரே கட்டடம் தெரு முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றால், உயர விதி அதைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருக்கும். தெரு செத்துவிடும். இருபது வாசல்கள் இருந்த இடத்தில் ஒரு வாசல், அதையடுத்துக் கார் நிறுத்துமிடத்தின் இரும்புக் கதவு. இதற்கு முகப்பின் நீளம், வாசல்களின் எண்ணிக்கை, தரைத்தளத்தின் பயன்பாடு, மேல்தளங்களைப் பின்னுக்கு இழுப்பது ஆகியவற்றில் விதி வேண்டும். இங்கே கட்டுநர்கள் ஒரு தந்திரம் செய்வார்கள். ஒரே கட்டடத்தின் முகப்பை ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வேறு நிறம், வேறு செங்கல் ஒட்டி, ஐந்து வீடுகள் போலக் காட்டுவார்கள். ஜன்னல்கள் மட்டும் ஒரே கோட்டில் ஓடி குட்டை உடைக்கும். எனக்கு இந்த வேடம் பிடிக்காது. பெரிய கட்டடம் பெரிய கட்டடமாகவே ஒழுங்காக வடிவமைக்கப்பட்டு நிற்கலாம். அந்தப் பழைய வங்கியையும் ஹோட்டலையும் இன்று யாரும் இடிக்கச் சொல்வதில்லை.

பருமனை எப்படிக் கையாளலாம் என்பதற்கு அந்த ஊரிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1975 முதல் 2016 வரை மேயராக இருந்த ஜோசப் ரைலி, பதவிக்கு வந்த புதிதில் கிங் தெருவுக்கும் மீட்டிங் தெருவுக்கும் நடுவே பெரிய ஹோட்டலும் மாநாட்டு மையமும் கட்டும் திட்டத்தை முன்வைத்தார். பாரம்பரியச் சங்கத்தார் வழக்குப் போட்டார்கள். பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு 1986-இல் அது திறக்கப்பட்டபோது, உயரம் குறைந்திருந்தது. உயரமான பகுதி மனையின் நடுவுக்குத் தள்ளப்பட்டிருந்தது. கிங் தெரு ஓரத்தில் பழைய கடைமுகப்புகளும் தாழ்ந்த கட்டடங்களும் நின்றன. நடந்து போகிறவருக்கு முதலில் கடைகள்தான் தெரியும். ஒரு விவாதமும் இல்லாமல் எண்ணை மட்டும் பார்த்து அனுமதி கொடுத்திருந்தால் அந்த வடிவம் வந்திருக்காது. வழக்குப் போட்டவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

ஆக, கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு வந்துவிட்டோம். குழு எதற்கு? மேலே சொன்னவற்றில் பாதியை எண்ணாக எழுத முடியாது என்பதற்காக. ஆனால் குழு மனம்போன போக்கில் போகுமே என்ற அச்சம் நியாயமானது, அதற்கும் சார்ல்ஸ்டனே சாட்சி. பிராட் தெருவின் மேற்குக் கோடியில் 1950-இல் கட்டிய பதினான்கு தளக் குடியிருப்பு ஒன்று இருந்தது. அதை இடித்துவிட்டுப் புதிதாகப் பெரிய வளாகம் கட்ட உரிமையாளர் விண்ணப்பித்தார். 2015-இல் மறுஆய்வுக் குழு நிராகரித்தது. உரிமையாளர் நீதிமன்றம் போனார். குழுவின் அதிகார எல்லையே கேள்விக்குள்ளானது. கடைசியில் 2017-இல் சமரசம். அந்த இடத்தில் மீண்டும் உயரமான குடியிருப்பே எழுந்தது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: "உயரமும் பருமனும் அக்கம்பக்கத்துக்கு ஒவ்வாது" என்று ஒரு குழு சொன்னால், எந்த அக்கம்பக்கம், எந்த அளவுகோல், எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று நீதிபதி கேட்பார். காட்ட ஒரு பக்கம் இருக்க வேண்டும். 2017-இல் அவர்கள் குழுவையும் இரண்டாகப் பிரித்தார்கள். சிறு வீடுகளுக்கு ஒன்று, பெரிய கட்டடங்களுக்கு ஒன்று. வீட்டின் ஜன்னல் சட்டத்தைப் பற்றி விவாதித்துவிட்டு அதே மாலையில் இருநூறு அறை ஹோட்டலுக்கும் தீர்ப்பு சொல்வது யாராலும் ஆகாத வேலை.

நடை பற்றிய சண்டையை அளவு பற்றிய சண்டையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பல்கலைக்கழகம் கட்டடக்கலைப் பள்ளிக்காக நவீன பாணியில் ஒரு கட்டடத்தை முன்மொழிந்தபோது, அதன் உயரம் பெரிய விஷயமாகவே இல்லை. தோற்றத்தைத்தான் ஊர் எதிர்த்தது. 2014-இல் திட்டம் கைவிடப்பட்டது. அளவு சரியாக இருக்கும் கட்டடத்தின் பாணியைக் கொஞ்சம் பொறுத்துப்போகலாம் என்பது என் எண்ணம். தூண்களும் கூரை வளைவுகளும் வைத்த பூதாகரக் கட்டடத்தைவிட, அளவோடு நிற்கும் புதுப் பாணிக் கட்டடம் தெருவுக்குச் செய்யும் கேடு குறைவு.

சட்டப்படி இதெல்லாம் செல்லுமா, உரிமையாளரின் சொத்துரிமை என்னாவது என்று அடுத்துக் கேட்பீர்கள். அமெரிக்காவில் பதில் பழையது. பாஸ்டன் நகரம் வணிகப் பகுதிக்கு 125 அடி, குடியிருப்புப் பகுதிக்கு அதைவிடக் குறைவு என்று வகுத்ததை 1909-இலேயே உச்ச நீதிமன்றம் ஏற்றது. 1978-இல், சார்ல்ஸ்டனின் உயர விதி வந்த அதே ஆண்டில், நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு மேல் கோபுரம் கட்ட அனுமதி மறுத்த வழக்கிலும் நகரமே வென்றது. உரிமையாளருக்கு அந்தச் சொத்திலிருந்து நியாயமான பயன் கிடைக்கும்வரை, கட்ட முடியாமல் போன மாடிகளுக்காக நஷ்டஈடு தர வேண்டியதில்லை என்பது அதன் சாரம். அதோடு, பயன்படுத்த முடியாத உயர உரிமையைப் பக்கத்து மனைகளுக்கு மாற்றிக்கொள்ள வழியிருந்ததையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. கெடுபிடி செய்கிற நகரம் இப்படி ஒரு கதவைத் திறந்து வைப்பது புத்திசாலித்தனம்.

இதன் விலையை மறைக்க மாட்டேன். கட்டட அளவைக் கட்டுப்படுத்தினால் வீடுகளின் எண்ணிக்கை குறையும்; ஊர் அழகாக இருக்கும்; அழகான ஊரில் வாடகை ஏறும். சார்ல்ஸ்டன் தீபகற்பத்தில் தலைமுறைகளாக வாழ்ந்த கறுப்பினக் குடும்பங்கள் பெருமளவில் வெளியேறியிருக்கின்றன. அதற்கு உயர விதி மட்டும் காரணமல்ல. 1960-களில் அரங்கம் கட்டவும் நெடுஞ்சாலை போடவும் அவர்களுடைய தெருக்கள் இடிக்கப்பட்டன, சுற்றுலாவும் சேர்ந்துகொண்டது. ஆனால் பாரம்பரியப் பாதுகாப்புக்குப் பொறுப்பே இல்லை என்று சொல்பவரை நான் நம்ப மாட்டேன். இதற்கு மறுபக்கமும் அதே ஊரில் இருக்கிறது: 1980-களின் தொடக்கத்தில் நகராட்சி குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு வீடு கட்டியபோது, ஒரே இடத்தில் பெரிய தொகுப்பாகக் குவிக்காமல் பல தெருக்களில் காலி மனைகளில் சிதறலாக, அதே ஓர் அறை அகலப் பாணியில், பக்கத் தாழ்வாரத்தோடு கட்டியது. 1984-இல் குடியரசுத் தலைவர் வடிவமைப்பு விருது அதற்குக் கிடைத்தது. அளவு விதியைப் பணக்காரர் வீட்டு வேலி என்று ஒதுக்குபவர்கள் இதையும் பார்க்கலாம். ஆனால் இப்படிப்பட்ட வீடுகளுக்கு அரசு பணம் போட வேண்டும். விதி தானாக அதைச் செய்யாது.

கடைசியாக, உயரத்தை எங்கிருந்து அளப்பது என்பது. சின்ன விஷயம் போலத் தெரியும். சார்ல்ஸ்டனில் இப்போது பெரிய தலைவலியே இதுதான். 2015 முதல் 2017 வரை மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து மழையும் புயலும் ஊரை மூழ்கடித்தன. வெள்ளக் காப்பீட்டு வரைபடம் குறிக்கும் மட்டத்துக்கு மேலே குடியிருப்புத் தளம் இருக்க வேண்டும் என்பதால் புது வீடுகள் கால்களின் மேல் எழுகின்றன. பழைய வீடுகளையும் அப்படியே தூக்கி உயர்த்துகிறார்கள். முன்பெல்லாம் இதற்கு மறுத்துக்கொண்டிருந்த ஊர், 2019-இல் பழைய வீட்டை எப்படித் தூக்கலாம் என்று வழிகாட்டு நெறிகளையே வெளியிட்டது. தெருமட்டத்திலிருந்து அளந்தால் தூக்கிய வீட்டுக்காரருக்கு ஒரு தளம் நஷ்டம். வெள்ள மட்டத்திலிருந்து அளந்தால் தெருவில் நடப்பவருக்கு ஆள் உயரத்துக்கு மேல் ஒரு வெற்றுச் சுவரும் அதன் மேல் கட்டடமும். கடைத்தெருவில் நிலைமை இன்னும் சிக்கல்: கடையின் தரையைத் தூக்கினால் வாடிக்கையாளர் படியேற வேண்டும். அதனால் கடைத் தளத்தைத் தெருமட்டத்திலேயே வைத்து, தண்ணீர் புகாத தடுப்புகளும் நனைந்தாலும் கெடாத பொருள்களும் பயன்படுத்த அனுமதிப்பதும், குடியிருப்பை மட்டும் மேலே ஏற்றுவதும்தான் நடைமுறைக்கு ஒத்துவரும். உங்கள் ஊர் கடலோரமோ ஆற்றோரமோ என்றால், உயர விதியின் முதல் வரியிலேயே இந்த அளவு தொடங்கும் புள்ளியை எழுதிவிடுங்கள். கூடவே லிஃப்ட் அறை, தண்ணீர்த் தொட்டி, மொட்டைமாடிப் பந்தல் ஆகியவை கணக்கில் சேருமா சேராதா என்பதையும் எழுதுங்கள். எழுதாமல் விட்டால் மூன்று தள விதியுள்ள ஊரில் நான்காவது தளம் "பந்தல்" என்ற பெயரில் வந்து நிற்கும்.